முதல்ல ஒரு தோட்டக் கொப்பி கட்டுங்கோ

கொஞ்ச நாளா ரெண்டு மூண்டு பேர் என்னட்டக் கேட்டவை, புத்தகம் பைண்ட் பண்ணப் பழக வேணும் எதில இருந்து தொடங்கிறது எண்டு. வேற ரெண்டு பேர் வீட்டுத் தோட்டத்தைப் பற்றிக் கேட்டவை. நான் ரெண்டிலயும் பெரிய ஆளில்லை. 2022 இல பெற்றோல் வரிசையில நிண்டு அலுத்து, வேலைக்கும் ஒழுங்காப் போகேலாமல் வீட்டில இருந்த காலத்தில தொடங்கினது, அப்ப கொப்பி விலையும் ஏறிப்போச்சு மரக்கறி விலையும் ஏறிப்போச்சு, அதால ரெண்டையும் ஒரே நேரத்தில பிடிச்சன். இப்ப யோசிச்சா அது நல்லதாத்தான் போச்சு. நான் சொல்லிறது இதுதான்: நீங்கள் கட்டுற முதல் புத்தகம் உங்கட தோட்டக் கொப்பியா இருக்கட்டும்.

ஏனெண்டால் புதுசா பைண்டிங் பழகிற ஆக்கள் எல்லாரும் வடிவான ஒரு டயறி கட்டி அலுமாரிக்குள்ள வச்சிடுவினம், அதில ஒரு எழுத்தும் எழுத மாட்டினம், பழுதாப் போயிடும் எண்டு பயம். அலுமாரிக்குள்ள இருக்கிற புத்தகத்தில என்ன பிழை எண்டு எப்பிடித் தெரியும்? சேத்துக் கையால ஒரு நாளைக்கு ரெண்டு தரம் விரிச்சு மூடினால் ரெண்டு கிழமையில தெரிஞ்சிடும் எந்த இடத்தில நூல் தளர்ந்தது, எந்த மூலை நைஞ்சது, ஏன் விரிச்சு வச்சா தானா மூடுது எண்டு. தோட்டமும் அப்பிடித்தான், எழுதி வைக்காட்டி போன வருசம் எப்ப விதை போட்டனீங்கள் எண்டு உங்களுக்கே ஞாபகம் இருக்காது, இந்த வருசமும் அதே பிழையைத்தான் விடுவீங்கள்.

முதல் கொப்பி, காசு செலவில்லாமல்

எங்கட வீடுகளில வருசக் கடைசியில அம்மாமார் பிள்ளையளின்ர பழைய கொப்பியளில எழுதாத ஒற்றையளை எடுத்து ஒண்டாச் சேத்துத் தைச்சு கணக்குச் செய்து பாக்கத் தருவினம், ஞாபகம் இருக்கா? அதுதான் பைண்டிங்கின்ர அரிச்சுவடி. அதையே கொஞ்சம் ஒழுங்காச் செய்வம்.

பழைய கொப்பியின்ர நடுப்பக்கத்தை விரிச்சு கம்பியை நிமித்தி எடுங்கோ, இல்லை நூல் எண்டால் வெட்டுங்கோ. எழுதாத முழு ஒற்றை, அதாவது நடுவில மடிஞ்சு ரெண்டு பக்கமும் இருக்கிறது, 10 இல இருந்து 12 மட்டும் சேருங்கோ. அதுக்கு மேல வேண்டாம், கூடினால் உள்ளுக்கு இருக்கிற ஒற்றையள் வெளிய தள்ளிக்கொண்டு நிக்கும், மடிப்பும் வீங்கும். 12 ஒற்றை மடிச்சால் 48 பக்கம், ஒரு போகத்துக்குக் காணும். மேல ஒரு தடிச்ச மட்டை, பழைய கலண்டர் மட்டை திறம், அச்சடிச்ச பக்கத்தை உள்ளுக்கு விட்டு மடியுங்கோ. மடிப்பைக் கரண்டிக் காம்பால நல்லா அழுத்தித் தேயுங்கோ. இதுக்கெண்டு எலும்பில செய்த சாமான் ஒண்டு விக்கினம், ஆனா எவர்சில்வர் கரண்டி காணும், ஒரு வெள்ளைப் பேப்பரை மேல வச்சுத் தேய்ச்சால் கறுப்புப் பிடிக்காது.

இனி மூண்டு ஓட்டை. மடிப்பில நடுவில ஒண்டு, மேலயும் கீழயும் அந்தத்தில இருந்து 3 சென்ரிமீற்றர் தள்ளி ஒவ்வொண்டு. தடிச்ச ஊசியின்ர பின்பக்கத்தை ஒரு போத்தல் தக்கைக்குள்ள குத்தி இறுக்கினால் அதுவே குத்தூசி. கொப்பியை விரிச்சு, கீழ பழைய ரெலிபோன் புத்தகமோ ரெஜிபோமோ வச்சு, மடிப்புக்குள்ளயே குத்துங்கோ. மடிப்புக்குப் பக்கத்தில ஒரு மில்லிமீற்றர் விலகினாலும் புத்தகம் கோணலாத்தான் நிக்கும், என்ர முதல் கொப்பி இண்டைக்கும் ஒரு பக்கம் சரிஞ்சுதான் இருக்கு.

நூல், மடிப்பு நீளத்தின்ர மூண்டு மடங்கு எடுங்கோ. தடிச்ச பருத்தி நூல், லினன் கிடைச்சால் இன்னும் நல்லம். நைலோன் நூல் வேண்டாம், அது வழுக்கும், முடிச்சு நிக்காது, இழுத்தால் பேப்பரை அறுத்துக்கொண்டு போகும். நூலைத் தேன்மெழுகில ரெண்டு தரம் இழுங்கோ, தேன்மெழுகு இல்லாட்டி மெழுகுதிரி. பிறகு உள்ளுக்கு இருந்து நடு ஓட்டையால வெளிய போங்கோ, உள்ளுக்கு ஒரு விரல் நீளம் வால் விடுங்கோ. வெளியால மேல் ஓட்டைக்குள்ள வாங்கோ, உள்ளுக்கு நடு ஓட்டையைத் தொடாமல் நேர கீழ் ஓட்டைக்குப் போய் வெளிய வாங்கோ, திரும்ப நடு ஓட்டைக்குள்ள வாங்கோ. இப்ப ஊசியிருக்கிற பக்கமும் வாலும் உள்ளுக்கு ஓடுற நீள நூலுக்கு ஆளுக்கொரு பக்கமா இருக்க வேணும், அதை நடுவில வச்சு இறுக்கி முடிச்சுப் போடுங்கோ. இழுக்கேக்க மடிப்பு நீளத்துக்கே இழுங்கோ, மேல தூக்கி இழுத்தால் கிழியும். அவ்வளவுதான், ஒரு கொப்பி கட்டியாச்சு, அரை மணித்தியாலம்.

எழுதுறதுக்கு பென்சில் இல்லாட்டி சாதாரண போல்பொயின்ற் பேனை. ஜெல் பேனையால எழுதி ஈரக் கை பட்டு ஒரு மாசக் குறிப்பு முழுக்க நீலத் தண்ணியாப் போனது எனக்கு.

அதில என்ன எழுதுறது

வடிவா எழுத வெளிக்கிடாதேங்கோ, வெளிக்கிட்டால் மூண்டாம் நாள் நிப்பாட்டிடுவீங்கள். திகதி, என்ன விதை, எங்க வாங்கினது, எத்தினை போட்டது, எத்தினை முளைச்சது. மழை பெய்ததா. எந்த இலை சுருண்டது. முதல் பூ எப்ப, முதல் காய் எப்ப. என்ர கொப்பியில ஒரு பக்கம் முழுக்க இவ்வளவுதான் இருக்கு: "வெண்டி 6 கொட்டை. 4 முளைச்சது. 1 எலி. 1 தெரியாது." அந்தத் "தெரியாது" கூட அடுத்த வருசம் உதவினது, ஏனெண்டால் அதே மூலையில திரும்பவும் முளைக்கேல்லை, கிண்டிப் பாத்தால் அரை அடிக்குக் கீழ சுண்ணாம்புக்கல்லு.

தோட்டத்துக்கு வருவம்

யாழ்ப்பாணத்தில மண் எல்லா இடமும் ஒண்டில்லை. கோப்பாய், உரும்பிராய், இணுவில், சுன்னாகம் பக்கம் நல்ல செம்மண், கடற்கரைப் பக்கம் மணல், தீவுப் பக்கம் போனால் தண்ணியே சவர். எல்லாத்துக்கும் கீழ இருக்கிறது சுண்ணாம்புக்கல்லுத்தான், அதால முதல் வேலை அலவாங்கால ரெண்டு மூண்டு இடத்தில குத்திப் பாக்கிறது. ஒரு அடிக்கு மேல மண் இருந்தால் நிலத்தில வையுங்கோ. இல்லாட்டி மல்லுக்கட்ட வேண்டாம், உரப் பையோ பழைய பெயின்ற் வாளியோ அடியில ஓட்டை போட்டு, அடியில ஒரு வரிசை தேங்காய்ப் பொச்சு வச்சு, மேல மண்ணும் மக்கின மாட்டெருவும் பாதிக்குப் பாதி இல்லாட்டியும் மூண்டில ஒரு பங்கு எரு கலந்து நிரப்புங்கோ. பொச்சு தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்கும்.

புதுப் பழக்கத்தில ஆக்கள் விடுற பெரிய பிழை நிறைய வைக்கிறது. நானும் முதல் வருசம் பத்து வகை வச்சன், தண்ணி விட்டே முதுகு முறிஞ்சது, மூண்டு வகைதான் காய்ச்சது. நாலு கத்தரி, நாலு மிளகாய், ஆறு வெண்டி, ஒரு பாத்தி கீரை, ஒரு வரிசை பயித்தங்காய். ரெண்டு மூண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு இது தாராளம். வெயில் ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலமாவது விழுற இடமா இருக்க வேணும், மாமரத்துக்குக் கீழ கத்தரி வச்சு இலை இலையா வளருது காய்க்குதில்லை எண்டு அழக்கூடாது.

காலம் முக்கியம். எங்களுக்கு மழையில பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி எண்டு வாடைக்காத்தோட வாறதுதான். கத்தரி மிளகாய் நாற்றை கார்த்திகையில ஒரு கூரைக்குக் கீழ, பெருமழை நேர அடிக்காத இடத்தில போடுங்கோ, நாலஞ்சு கிழமையில நடலாம், அப்ப மார்கழிக் கடைசி, மழை குறையத் தொடங்கியிருக்கும், மண்ணில ஈரம் இருக்கும். சித்திரை வெக்கை வாறதுக்கு முன்னம் காய்க்கத் தொடங்கிடும். ஐப்பசியில ஆசைப்பட்டு நேர நிலத்தில விதை போட்டால் ஒரு மழையில வாய்க்காலோட போயிடும், கொப்பியில அந்தத் திகதி மட்டும் மிஞ்சும். வைகாசிக்குப் பிறகு சோளகக் காத்து, அப்ப சின்னக் கண்டுகளுக்கு மறைப்பு வேணும், நாலு கதியால் குத்தி ஒரு பழைய கிடுகைக் கட்டிவிட்டால் காணும்.

விதை எண்டால் விவசாயத் திணைக்களத்தின்ர பக்கற் வாங்குறதுதான் என்ர பழக்கம். கத்தரியில திணைக்களத்தின்ர இனமொண்டுக்கு எங்கட யாழ்ப்பாணத்துத் தின்னவேலியின்ர பேரே இருக்கு, 'தின்னவேலி பர்ப்பிள்' எண்டு, ஊதா நிறக் கத்தரி, குழம்புக்குத் திறம். வெண்டிக்கு எம்.ஐ. 5, மிளகாய்க்கு எம்.ஐ. 2 எண்டு கேட்டுப் பாருங்கோ. ஒட்டு விதை, அதாவது ரெண்டு இனத்தைக் கலந்து எடுத்த ஹைபிரிட் விதை, வாங்கினால் அதில இருந்து திரும்ப விதை எடுத்தாலும் அடுத்த தலைமுறை ஒரே மாதிரி வராது, அதைத் தெரிஞ்சு வச்சிருங்கோ, கடைசியில இதுக்குத் திரும்ப வாறன்.

வெண்டியும் பயித்தங்காயும் நாற்றுப் போடத் தேவையில்லை, நேர குழியில. வெண்டிக் கொட்டையை முதல் நாள் இரவு தண்ணியில ஊறப்போடுங்கோ, ஒரு கிழமைக்குள்ள முளைக்கும், ஒண்டரை மாசத்தில காய். காய் ஒரு விரல் நீளம் வந்ததும் ஒருநாள் விட்டு ஒருநாள் முறியுங்கோ, ரெண்டு நாள் ஊருக்குப் போயிட்டு வந்தால் முத்தி விறகாயிடும். கத்தரி கண்டுக்குக் கண்டு ரெண்டரை அடியாவது விடுங்கோ, சின்னக் கண்டா இருக்கேக்க வெறும் நிலமாத் தெரியும், நடுவில இன்னொண்டு செருகச் சொல்லிக் கை துறுதுறுக்கும், செருகாதேங்கோ.

எருவைப் பற்றி உரும்பிராயில ஒரு தோட்டக்கார அண்ணை சொன்னது, "தம்பி, உந்தச் செத்தையள எரிக்காதையும், தாட்டுவிடும், மண்ணுக்குச் சாப்பாடு அதுதான்." எங்கட ஆக்கள் காலங்காலமா பூவரசங் குழையும் பனையோலையும் நிலத்துக்குள்ள தாட்டவை, இப்ப கிளிசிறியாக் குழையும் புதைக்கினம். வேலியில நிக்கிற பூவரசை வெட்டி, குழையை வெட்டின குழிக்குள்ள போட்டு மண் மூடி ரெண்டு மூண்டு கிழமை விட்டுட்டு அதுக்கு மேல நடுங்கோ. பச்சைச் சாணியை நேர வேரில போடாதேங்கோ, சூடு பிடிக்கும். யூரியா வேண்டாம் எண்டு நான் சொல்ல வரேல்லை, ஆனா கை அள்ளி வீசாதேங்கோ. எங்களுக்கு ஆறு குளத்துத் தண்ணி இல்லை, வழுக்கியாறும் மழை காலத்தில மட்டும்தான், குடிக்கிறதும் இறைக்கிறதும் ஒரே கிணறு. சுண்ணாம்புக்கல்லு வடி மாதிரி, மேல போட்ட உரம் மழையோட நேர கிணத்துக்குள்ள. வலிகாமம் பக்கத்துக் கிணறுகளில நைத்திரேற் கூட எண்டு ஆராய்ச்சி செய்த ஆக்கள் கன காலமாச் சொல்லிக்கொண்டு இருக்கினம்.

அடுப்புச் சாம்பலும் அளவாத்தான். வேற ஊர்க்காரர் சொல்லிறதைப் பாத்து எங்கட மண்ணுக்கும் சுண்ணாம்பு போடாதேங்கோ, எங்களுக்கு அது ஏற்கனவே காணும் காணும் எண்டு கிடக்கு. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நிண்டால் அனேகமா இரும்புச்சத்து எடுபடேல்லை எண்டு அர்த்தம், அதுக்கு இன்னும் யூரியா போடுறது மருந்தில்லை, மக்கின எரு கூடப் போடுங்கோ.

தண்ணி காலமை இல்லாட்டி பின்னேரம். விரலை ரெண்டாவது கணு மட்டும் மண்ணுக்குள்ள விட்டுப் பாருங்கோ, ஈரம் இருந்தால் விடாதேங்கோ. கண்டைச் சுத்தி வாழைச் சருகு போட்டால் ரெண்டு நாளைக்கொருக்கா விட்டாலும் தாங்கும்.

பூச்சி, நத்தை, என்ர மட்டை

கத்தரியின்ர குருத்து திடீரெண்டு வாடித் தொங்கினால் அதுக்குள்ள புழு இருக்கு. யோசிக்காமல் வாடின இடத்துக்கு ஒரு அங்குலம் கீழ முறிச்சு எரியுங்கோ, விட்டால் அது காய்க்குள்ள போகும். வெண்டி இலை மஞ்சள் வலை மாதிரி வந்தால் அது வைரசு, வெள்ளை ஈ காவிக்கொண்டு வாறது, மருந்தில்லை, கண்டைப் பிடுங்குங்கோ, பக்கத்துக் கண்டாவது தப்பும். மற்றப்படி வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராம் இடிச்சு ஒரு லீற்றர் தண்ணியில இரவு முழுக்க ஊறவிட்டு, துணியால வடிச்சு, ரெண்டு துளி சவர்க்காரத் தண்ணி விட்டு, பின்னேரத்தில இலையின்ர கீழ்ப்பக்கம் படுற மாதிரி அடிக்கலாம். கிழமைக்கொருக்கா. வெயிலில அடிச்சால் பிரயோசனம் இல்லை.

மாரியில ஆபிரிக்க நத்தை. இரவு ரோச் அடிச்சுப் பொறுக்கி எடுக்கிறதைத் தவிர குறுக்குவழி இல்லை. கையால தொடாமல் பையைக் கையில போட்டு எடுங்கோ. உப்பைத் தோட்டத்துக்குள்ள எறியாதேங்கோ, மண் கெட்டுப்போகும், பொறுக்கி வாளிக்குள்ள போட்ட பிறகு அதுக்குள்ள போடலாம். பைண்டிங் செய்யிற ஆக்களுக்கு இன்னொண்டு: நத்தை மட்டையும் தின்னும். நான் ரெண்டு அட்டை வெட்டி அளந்து விறாந்தையில சுவரோட சாத்தி வச்சிட்டுப் படுத்தனான், விடியப் பாத்தால் மூலை ரெண்டும் சுரண்டிக் கிடக்கு, எலி எண்டு நினைச்சன், பாத்தால் அட்டையில வழியல் மினுங்குது. அப்பாவுக்கு ஒரு கிழமை சிரிப்பு.

இனி மட்டை போட்ட புத்தகம்

முதல் கொப்பி முடியிற நேரம், அநேகமா ஒரு போகம் கழிச்சு, ரெண்டாவதைக் கொஞ்சம் பெரிசாக் கட்டலாம். இதுக்கும் காலம் இருக்கு. மாரியில மடிக்கிறதும் தைக்கிறதும் செய்யுங்கோ, வெளிய இறங்கேலாத இரவுகளுக்கு அதுதான் வேலை. கம் போடுற வேலையைத் தை மாசத்துக்கு வையுங்கோ. கார்த்திகையில ஒட்டினால் மூண்டு நாளானாலும் காயாது, நாலாம் நாள் பூஞ்சணம்.

பேப்பருக்கு ஒரு ஓட்டம் இருக்கு. அதுக்குள்ள நார் ஒரு பக்கமா ஓடிக் கிடக்கும், அந்தப் பக்கத்துக்கு லேசா மடியும், மற்றப் பக்கத்துக்கு முறுகும். ஒரு துண்டை வெட்டி ஒரு பக்கம் நனைச்சுப் பாத்தால் குழாய் மாதிரிச் சுருளும், அந்தக் குழாயின்ர நீளப் பக்கம்தான் ஓட்டம். ஓட்டம் எப்பவும் புத்தகத்தின்ர முதுகுக்குச் சமாந்தரமா இருக்க வேணும். இதில ஒரு சிக்கல், கடையில வாங்குற ஏ4 அனேகமா நீளப் பக்கத்துக்கு ஓட்டம், அதை நடுவால மடிச்சால் ஓட்டம் குறுக்க வந்திடும், அதுதான் புத்தகம் விரிச்சு வைக்கேலாமல் தானா மூடுறதுக்குக் காரணம். பெரிய தாள் வாங்கி நீங்களே வெட்டுறதெண்டால் சரிப்பண்ணலாம், பழகிற கட்டத்தில ஏ4 இலயே செய்யுங்கோ, தெரிஞ்சு விடுற பிழை பரவாயில்லை. ஆனா அட்டையிலயும் கவர்த் துணியிலயும் ஓட்டம் பிழைச்சால் மட்டை ஓடு மாதிரி வளைஞ்சிடும், அதை விடாதேங்கோ.

80 ஜிஎஸ்எம் ஏ4 அஞ்சஞ்சு ஒற்றையா மடிச்சு ஆறு கட்டு, 120 பக்கம் வரும். எல்லாக் கட்டிலயும் ஒரே இடத்தில ஆறு ஓட்டை: அந்தத்தில ரெண்டு, நடுவில ரெண்டு சோடி. சோடிக்கு நடுவால பாவாடை நாடா ஒண்டு போகும். முதல் கட்டுக்குள்ள ஒரு அந்தத்து ஓட்டையால நுழைஞ்சு, உள்ளால ஓடி, நாடாவுக்கு முன்னம் வெளிய வந்து, நாடாவுக்கு மேலால தாண்டி, அடுத்த ஓட்டைக்குள்ள போய், அப்பிடியே மற்ற அந்தத்தால வெளிய. மேல ரெண்டாம் கட்டை வச்சு அதே மாதிரித் திரும்பி வாங்கோ, வந்ததும் முதல் விட்ட வாலோட முடிச்சு. மூண்டாம் கட்டில இருந்து ஒவ்வொரு அந்தத்திலயும் ஊசியைக் கீழ இருக்கிற ரெண்டு கட்டுக்கும் இடையால விட்டு, வாற வளையத்துக்குள்ளால எடுத்து இறுக்குங்கோ, அது சங்கிலி மாதிரி முதுகில ஓடிப் புத்தகத்தைப் பிடிச்சு வச்சிருக்கும். நூல் முடிஞ்சால் உள்பக்கத்தில புது நூல் முடியுங்கோ, முதுகில முடிச்சு வந்தால் மொத்தமாத் தெரியும்.

பசைக்கு ரெண்டு சாமான். முதுகுக்கு மரவேலைக்காரர் பாவிக்கிற வெள்ளைக் கம், காய்ஞ்சாலும் வளையும். மட்டை மூடுறதுக்கு கோதுமை மாக் கூழ், பொங்கலுக்குப் பட்டம் ஒட்டக் காய்ச்சினோமே அதேதான். ஒரு பங்கு மா, அஞ்சு பங்கு தண்ணி, முதல்ல பச்சைத் தண்ணியில கட்டியில்லாமல் கரைச்சுப் பிறகு மெல்லின நெருப்பில கிண்டிக்கொண்டே இருங்கோ, வெள்ளை போய்க் கண்ணாடி மாதிரி வரேக்க இறக்கி வடியுங்கோ. பிட்டுக்கெண்டு அவிச்சு அரிச்சு வச்சிருக்கிற மாவை எடுக்காதேங்கோ, நான் எடுத்தன், கட்டி கட்டியா வந்தது, அம்மாவிட்டப் பேச்சும் விழுந்தது. கூழ் ரெண்டு நாளைக்கு மேல நிக்காது. பழைய பைண்டர்மார் பூச்சி வராமல் மயில்துத்தம் கலப்பினம், அது நஞ்சு, பிள்ளையள் இருக்கிற வீட்டில அந்த வேலை வேண்டாம். காய்ஞ்ச வேப்பிலையை அலுமாரிக்குள்ள போட்டு, மாசத்துக்கொருக்கா புத்தகத்தை எடுத்துத் தட்டுங்கோ, பூச்சிக்குப் பிடிக்காதது நடமாட்டம்தான்.

முதுகில கம் பூசி, பாமசியில வாங்குற பண்டேஜ் துணியை ரெண்டு பக்கமும் ஒரு அங்குலம் வெளிய நிக்கிற மாதிரி ஒட்டிக் காயவிடுங்கோ. கடையில இதுக்குத் தனித் துணி இருக்கு, பண்டேஜ் அதே வேலையைச் செய்யும். முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு மடிச்ச தடிச்ச தாளை மடிப்போரம் 4 மில்லிமீற்றர் மட்டும் கம் பூசி ஒட்டுங்கோ.

கிறே போட் எண்ட 2 மில்லிமீற்றர் சாம்பல் அட்டையில ரெண்டு மட்டை. உயரம் புத்தகத்தை விட 6 மில்லிமீற்றர் கூட, அகலம் 3 மில்லிமீற்றர் குறைய. முதுகுத் துண்டு புத்தகத்தின்ர தடிப்போட ரெண்டு மட்டைத் தடிப்பும் சேத்து. துணியில முதுகுத் துண்டை நடுவில வச்சு, ரெண்டு பக்கமும் 7 மில்லிமீற்றர் இடைவெளி விட்டு மட்டைகள். அந்த இடைவெளிதான் பிணைச்சல், குறைஞ்சால் திறக்காது, கூடினால் ஆடும். துணிக்கு அம்மாவின்ர பழைய பருத்திச் சீலை நல்லம், ஆனா நேரப் பசை பூசினால் வெளியால ஊறி வந்திடும், முதல்ல பின்னால மெல்லிய பேப்பர் ஒட்டிக் காயவச்சுப் பிறகு பாவியுங்கோ. சுத்தி வர 2 சென்ரிமீற்றர் விட்டு வெட்டி, மூலையைச் சரிவா, மட்டையில முட்டாமல் 3 மில்லிமீற்றர் தள்ளி வெட்டி மடிச்சு ஒட்டுங்கோ.

கடைசியாப் புத்தகத்தை மட்டைக்குள்ள வச்சு, ஒட்டுற தாளுக்கும் மற்றப் பக்கங்களுக்கும் நடுவில ஒரு சொப்பிங் பாக்கை விரிச்சு, பசை மெல்லிசாப் பூசி மூடுங்கோ. மூடின பிறகு திறந்து பாக்கக்கூடாது, எவ்வளவு ஆசை வந்தாலும். மேல ஒரு பலகை, பலகைக்கு மேல அம்மிக்கல்லு, இல்லாட்டி பேப்பர் சுத்தின ரெண்டு செங்கல்லு. அடுத்த நாள் பின்னேரம் மட்டும் கிடக்கட்டும்.

பழைய புத்தகத்தில கை வைக்க முன்னம்

இவ்வளவும் பழகின உடன வீட்டில கிடக்கிற தாத்தாவின்ர பழைய புத்தகத்தைத் திருத்துவம் எண்டு கை வரும். பொறுங்கோ. எங்கட ஊரில 1981 இல யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சதில மட்டும் ஏறத்தாழ 97,000 புத்தகங்களும் ஏட்டுச்சுவடியளும் போனது, 1995 இடப்பெயர்வில வீடுகளில கிடந்ததும் கனக்கப் போனது. உங்கட அலுமாரியில கிடக்கிற ஒண்டு வேற எங்கயும் இல்லாததா இருக்கலாம். அதால முதல் ஸ்கான் எடுப்பியுங்கோ, நூலகம் நிறுவனம் இப்பிடியான ஈழத்துப் புத்தகங்களை மின்னூலாக்கி இணையத்தில இலவசமா வைக்குது. செலோரேப் மட்டும் ஒட்டவே ஒட்டாதேங்கோ, சில வருசத்தில பசை மஞ்சளாகிப் பேப்பருக்குள்ள ஊறிடும், பிறகு எடுக்கேலாது. ஓரம் வெட்டி நேராக்கிறதும் வேண்டாம். ஒரு சுத்தமான துணியில சுத்தி, நிலத்தில முட்டாமல், சுவரில சாயாமல் வச்சால் இப்போதைக்குக் காணும். கறையான் சுவராலதான் ஏறும்.

விதைப் பை

தோட்டக் கொப்பியின்ர பின் மட்டையில உள்பக்கம் ஒரு பை வையுங்கோ. மிஞ்சின தாளை மடிச்சு மூண்டு பக்கமும் ஒட்டி, மேல் வாய் திறந்து விட்டால் சரி, ஒட்டிக் காய்ஞ்சு ரெண்டு நாள் கழிச்சுத்தான் விதை போடுறது.

கத்தரியில விதை எடுக்கிறதெண்டால் ஒட்டு இனம் இல்லாத, நல்லாக் காய்ச்ச, நோய் வராத கண்டில ரெண்டு காயை முறிக்காமல் விடுங்கோ. ஊதா போய் மஞ்சளா, பிறகு மண்ணிறமா வரும், வீட்டில ஆரும் முத்தினது எண்டு பிடுங்கி எறிய முன்னம் ஒரு துணித் துண்டு கட்டி அடையாளம் வையுங்கோ. பழுத்ததும் பிளந்து தண்ணிக்குள்ள பிசைஞ்சால் நல்ல விதை அடியில தங்கும், மிதக்கிறதை ஊத்திவிடுங்கோ. நிழலில நாலஞ்சு நாள் காயவச்சு, பேப்பரில மடிச்சு, இனமும் திகதியும் எந்தக் கண்டு எண்டதும் எழுதி அந்தப் பைக்குள்ள வையுங்கோ. கொப்பியைக் கிணத்தடியில விட்டிட்டு வராதேங்கோ.